கிரீன் பே பேக்கர்ஸ் தலைமைப் பயிற்சியாளர் தேர்வு (1959)

கிரீன் பே பேக்கர்ஸ் தலைமைப் பயிற்சியாளர் தேர்வு (1959) என்பது, ஐக்கிய அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தைச் சேர்ந்த கிரீன் பே பேக்கர்ஸ் என்னும் தொழில்முறை அமெரிக்கக் கால்பந்து அணி, தொடர் தோல்விகளுக்குப் பின்னர் 1958 டிசம்பரில் புதிய தலைமைப் பயிற்சியாளரைத் தேடத் தொடங்கி, 1959 ஜனவரி இறுதியில் வின்ஸ் லொம்பார்டியைத் தெரிவு செய்த நிகழ்வைக் குறிக்கும். அதுவரை எந்தத் தொழில்முறை அணிக்கும் தலைமைப் பயிற்சியாளராக இருந்திராத லொம்பார்டி, அடுத்த ஒன்பது பருவங்களில் அணிக்கு ஐந்து வாகைப் பட்டங்களைப் பெற்றுத் தந்தார். விளையாட்டு வரலாற்றில் மிகச் சிறந்த பயிற்சியாளர் தேர்வுகளுள் ஒன்றாக இது கருதப்படுகிறது. எனினும் தகுந்த மனிதரைக் கண்டுபிடித்தது இந்நிகழ்வின் ஒரு பாதி மட்டுமே. அணியை நடத்தி வந்த குழு தன் அதிகாரத்தை விட்டுக்கொடுக்க உடன்பட்டதே மற்றப் பாதியாகும்.

இக்கட்டுரையில் கால்பந்து என்பது உலகெங்கும் ஆடப்படும் சங்கக் கால்பந்தைக் குறிக்காது. நீள்வட்ட வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடப்படும் அமெரிக்கக் கால்பந்தையே குறிக்கும்.

தலைமைப் பயிற்சியாளரின் பங்கு

சங்கக் கால்பந்தில் ஆட்டம் ஏறத்தாழ இடைவிடாது நடைபெறும். அமெரிக்கக் கால்பந்தில் ஒவ்வொரு சிறு முயற்சிக்குப் பின்னரும் ஆட்டம் நின்று, இரு அணிகளும் மீண்டும் வரிசையில் நின்று தொடங்குகின்றன. ஒவ்வொரு முயற்சியிலும் களத்திலுள்ள 11 பேரும் எங்கு நிற்பது, யாரைத் தடுப்பது, எத்திசையில் ஓடுவது என்பவை முன்கூட்டியே வகுக்கப்பட்டவை. ஒருவர் ஓரடி தவறினாலும் மற்றப் பத்துப் பேரின் உழைப்பு வீணாகலாம். 1950களில், எந்த நகர்வை ஆடுவது என்பதைப் பெரும்பாலும் குவாட்டர்பேக் எனப்படும் ஆட்டக்காரரே களத்தில் தீர்மானித்தார். எனவே பயிற்சியாளரின் திறமை ஆட்ட நாளைவிட அதற்கு முந்தைய வாரத்தின் ஆயத்தத்திலேயே கூடுதலாக வெளிப்பட்டது. ஆட்டப் படச்சுருள்களை மீண்டும் மீண்டும் பார்த்து எதிரணியை ஆராய்வது, நகர்வுகளைக் கரும்பலகையில் விளக்குவது, பிழையறும் வரை அவற்றைத் திரும்பத் திரும்பச் செய்ய வைப்பது ஆகியவை அவ்வேலையின் சாரமாகும். இவ்விளையாட்டில் பயிற்சியாளர் தேர்வு இவ்வளவு முக்கியத்துவம் பெறுவதற்கு இதுவே காரணம்.

பின்னணி

பேக்கர்ஸ் அணி 1919 ஆம் ஆண்டில் கர்லி லாம்போ, ஜார்ஜ் கால்ஹூன் ஆகியோரால் தொடங்கப்பட்டது. முதலில் ஆதரவளித்த இறைச்சி பதனிடும் நிறுவனத்தின் தொழிலிலிருந்தே அணியின் பெயர் வந்தது. 1921 இல் இவ்வணி, பின்னர் தேசியக் கால்பந்து லீக் எனப் பெயர்பெற்ற அமைப்பில் சேர்ந்தது. அக்காலத்தில் அந்த லீக்கில் சிற்றூர் அணிகள் பல இருந்தன. 1930களின் நடுப்பகுதிக்குள் அவை ஒன்றன்பின் ஒன்றாக மறைந்தன அல்லது பெருநகரங்களுக்கு இடம்பெயர்ந்தன. எஞ்சி நின்றது கிரீன் பே மட்டுமே. 1960 இல்கூட இந்நகரின் மக்கள்தொகை ஏறத்தாழ 63,000 தான். நியூயார்க், சிகாகோ, லாஸ் ஏஞ்சலஸ் ஆகிய நகரங்களின் அணிகளோடு போட்டியிட்ட ஓர் அணிக்கு இது வியப்பூட்டும் எண்ணிக்கை.

அணி தாக்குப்பிடித்ததற்கு அதன் உரிமை முறை ஒரு முக்கியக் காரணம். 1923 முதல் பேக்கர்ஸ், ஊர்மக்கள் பங்கு வாங்கிய இலாப நோக்கற்ற நிறுவனமாக உள்ளது. இப்பங்குகளுக்கு ஈவுத்தொகை கிடையாது. பணம் நெருக்கும்போதெல்லாம் ஊர் கைகொடுத்தது. 1949 நவம்பரில் அணிக்குள்ளேயே இரு பிரிவாக நடத்தப்பட்ட காட்சி ஆட்டத்தின் மூலம் ஏறத்தாழ 50,000 டாலர் திரட்டப்பட்டது. 1950 இல் பங்கு விற்பனை ஏறத்தாழ 1,18,000 டாலர் தந்தது.

ஆனால் உரிமையாளர் என்று ஒருவர் இல்லாத இடத்தில் எல்லோருமே உரிமையாளர் ஆகிவிடுவர். நிறுவனத்துக்கு 45 பேர் கொண்ட இயக்குநர் குழுவும், அதனுள் 13 பேர் கொண்ட செயற்குழுவும் இருந்தன. உறுப்பினர்கள் பெரும்பாலும் உள்ளூர் வணிகர்களும் தொழில் வல்லுநர்களும் ஆவர். 1949 வரை லாம்போவே பயிற்சியாளராகவும் மேலாளராகவும் இருந்து ஆறு வாகைப் பட்டங்களை வென்றிருந்தார் (1929, 1930, 1931, 1936, 1939, 1944). அவருடைய செலவுகள் குறித்துக் குழுவுக்கும் அவருக்கும் மூண்ட பூசலின் முடிவில் அவர் விலகி, 1950 இல் சிகாகோ கார்டினல்ஸ் அணிக்குச் சென்றார். தனியொருவரிடம் முழு அதிகாரத்தையும் மீண்டும் ஒப்படைக்கக் கூடாது என்பதே அப்பூசலிலிருந்து குழு கற்ற பாடம். இதன் விலையை அணி அடுத்த ஒன்பது ஆண்டுகள் கொடுத்தது.

லாம்போவுக்குப் பின் வந்த ஜீன் ரொன்சானி 1953 பருவம் முடியும் முன்பே விலக நேர்ந்தது. 1954 முதல் 1957 வரை பயிற்றுவித்த லைல் பிளாக்பர்ன் 17 ஆட்டங்களில் வென்று 31 இல் தோற்றார். பயிற்சியாளர் ஆட்ட முடிவுகளைச் செயற்குழுவிடம் விளக்க வேண்டியிருந்தது. களத்தில் யாரை இறக்குவது, எந்த நகர்வை ஆடுவது என்பன பற்றியும் உறுப்பினர்கள் கருத்துக் கூறினர். அளவோடு இருந்தால் இதை ஊர்ப்பற்று எனலாம். ஆனால் ஆட்டக்காரர்களுக்கு, பயிற்சியாளரின் சொல் இறுதிச் சொல் அல்ல என்பது தெரிந்துவிட்டது.

1958 பருவம்

1958 இல் துணைப் பயிற்சியாளராக இருந்த ரே மக்லீன் தலைமைப் பொறுப்புக்கு உயர்த்தப்பட்டார். அனைவராலும் விரும்பப்பட்ட, இனிய சுபாவம் கொண்டவர். இரவு நேரக் கட்டுப்பாடு போன்ற ஒழுங்கு விதிகளை ஆட்டக்காரர்களின் பொறுப்பிலேயே விட்டார். விளைவு, 12 ஆட்டங்களில் 1 வெற்றி, 10 தோல்வி, 1 சமநிலை. அணியின் வரலாற்றில் அதுவரை கண்டிராத மோசமான பருவம் இது. நவம்பர் 2 அன்று பால்டிமோர் கோல்ட்ஸ் அணியிடம் 56-0 என்று தோற்றது. பருவம் முடிந்த சில நாட்களில் மக்லீன் பதவி விலகினார்.

இத்தோல்வியை மக்லீன் ஒருவர் மீது சுமத்துவது பொருத்தமன்று. ஆனால் ஆட்டக்காரர்கள் மீதும் சுமத்த இயலாது. அந்த ஆண்டு அணியில் இருந்த ஜிம் ரிங்கோ, பாபி டில்லன், பார்ட் ஸ்டார், ஃபாரஸ்ட் கிரெக், பால் ஹார்னங், ஜிம் டெய்லர், ரே நிட்ஸ்கி, ஜெரி கிரேமர் ஆகிய எட்டுப் பேரும் பிற்காலத்தில் தொழில்முறைக் கால்பந்தின் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றவர்கள். புகழ் மண்டபத்தினர் எட்டுப் பேரைக் கொண்ட ஓர் அணி ஒரே ஓர் ஆட்டத்தில் மட்டும் வென்றது என்பது நம்புதற்கு அரிது, ஆயினும் உண்மை.

இவர்களுள் பெரும்பாலோரை அணிக்குக் கொண்டுவருவதில் முதன்மைப் பங்கு வகித்தவர் ஜாக் வைனிசி. கல்லூரி ஆட்டக்காரர்களைத் தேடிக் கண்டறிவது இவரது பணி. கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தெரிவு செய்யும் ஆண்டுத் தெரிவில், 1956 இல் 17 ஆவது சுற்றில் 200 ஆவது ஆளாக ஸ்டார் எடுக்கப்பட்டார். 1958 இல் டெய்லர், நிட்ஸ்கி, கிரேமர் ஆகிய மூவரும் அடுத்தடுத்த சுற்றுகளில் எடுக்கப்பட்டனர். ஆனால் இவர்களை எங்கு நிறுத்துவது என்பதே தெளிவாகவில்லை. கல்லூரியில் குவாட்டர்பேக்காக ஆடி நாட்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் கோப்பை பெற்ற ஹார்னங், முதல் இரு பருவங்களில் ஓரிடத்தில் நிலைக்காமல் மாற்றி மாற்றி ஆட வைக்கப்பட்டார்.

அணியின் இருப்பே அப்போது கேள்விக்குறியாக இருந்தது. கிரீன் பேயில் நல்ல விளையாட்டரங்கம் இல்லாவிடில் அணி மில்வாக்கி நகருக்கு மாற வேண்டிவரும் என்ற நெருக்கடி எழுந்தபோது, 1956 இல் நகர மக்கள் வாக்கெடுப்பின் மூலம் கடன்பத்திரம் வெளியிட ஒப்புதல் அளித்தனர். ஏறத்தாழ 32,000 இருக்கைகள் கொண்ட புதிய அரங்கம் 1957 செப்டம்பரில் திறக்கப்பட்டது. இதுவே இன்றைய லாம்போ ஃபீல்ட். தொலைக்காட்சி வருவாயை அணிகள் சமமாகப் பங்கிட்டுக்கொள்ளும் முறை 1961 இல்தான் வந்தது. அதுவரை நுழைவுச்சீட்டு வருமானமே பெரும்பங்கு. தோற்கும் அணியைப் பார்க்கக் கூட்டம் வராது. அரங்கக் கடனை ஏற்ற ஊரில் அணியே இல்லாமற் போகும் நிலை வரக்கூடும் என்ற அச்சம் மிகையானதன்று.

தேடல்

தேடலை முன்னின்று நடத்தியவர் அணியின் தலைவராக 1958 இல் பொறுப்பேற்ற டொமினிக் ஒலெய்னிசாக். இவர் கிரீன் பேயின் முன்னாள் நகரத் தந்தை. பல பெயர்கள் முன்வந்தன. முதலில் பெரிதும் விரும்பப்பட்டவர் ஐயோவா பல்கலைக்கழகப் பயிற்சியாளர் ஃபாரஸ்ட் எவஷெவ்ஸ்கி. 1959 புத்தாண்டு நாளில் அவரது அணி புகழ்பெற்ற ரோஸ் பௌல் ஆட்டத்தில் கலிபோர்னியாவை 38-12 என்று வென்றிருந்தது. அவர் பேக்கர்ஸ் தரப்புடன் பேசிய பின் விலகிக்கொண்டார். கென்டக்கி பல்கலைக்கழகத்தின் பிளான்டன் காலியர் பெயரும் அடிபட்டது. இதனிடையே லாம்போவும் பொது மேலாளராகத் திரும்பிவர விரும்பினார். பழைய பொற்காலத்தின் நாயகனை அழைப்பதற்கு ஊரில் ஆதரவும் இருந்தது. செயற்குழு அதை ஏற்கவில்லை. துணிவு தேவைப்பட்ட முடிவு அது.

லொம்பார்டியின் பெயரை வலியுறுத்தியவர் வைனிசி. லொம்பார்டி அப்போது நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியில் தாக்குதல் ஆட்டத்துக்குப் பொறுப்பான துணைப் பயிற்சியாளர். கிளீவ்லாந்து அணியின் பால் பிரவுன், சிகாகோ பேர்ஸ் அணியின் ஜார்ஜ் ஹாலஸ் ஆகியோரும் அவரைப் பற்றி உயர்வாகக் கூறியதாகச் சொல்லப்படுகிறது. ஹாலஸ் பேக்கர்ஸின் பரம வைரி அணியின் உரிமையாளர் என்பது கவனிக்கத்தக்கது. வலுவற்ற அணி ஒன்று லீக்கில் இருப்பது மற்ற அணிகளுக்கும் நட்டம் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார்.

லொம்பார்டி 1913 இல் நியூயார்க் நகரின் புரூக்ளினில் இத்தாலிய வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்தவர். ஃபோர்டம் பல்கலைக்கழக அணியில் ஆடியவர். நியூ ஜெர்சியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் 1939 முதல் 1947 வரை இலத்தீன், வேதியியல், இயற்பியல் ஆகிய பாடங்களைக் கற்பித்துக்கொண்டே கால்பந்துப் பயிற்சியும் அளித்தார். வகுப்பில் மிகப் பின்தங்கிய மாணவனுக்கும் புரியும் வரை ஒன்றை விளக்கும் பழக்கம் அங்கு வந்தது என்பர். 1949 முதல் 1953 வரை வெஸ்ட் பாயின்ட் இராணுவக் கல்லூரியில் ரெட் பிளைக்கின் துணைப் பயிற்சியாளராக இருந்தார். 1954 இல் ஜயன்ட்ஸ் அணியில் சேர்ந்தார். அங்கே ஜிம் லீ ஹவெல் தலைமைப் பயிற்சியாளர். லொம்பார்டி தாக்குதலையும் டாம் லாண்ட்ரி தற்காப்பையும் கவனித்தனர். 1956 இல் ஜயன்ட்ஸ் வாகை சூடியது. 1958 டிசம்பர் 28 அன்று நடந்த இறுதியாட்டத்தில் கூடுதல் நேரத்தில் 23-17 என்று பால்டிமோரிடம் தோற்றது.

இத்தனைக்குப் பின்னும், 45 வயதில், உயர்நிலைப் பள்ளி தவிர எங்கும் அவர் தலைமைப் பயிற்சியாளராக இருந்ததில்லை. கல்லூரிப் பதவிகள் கைநழுவியதற்குத் தம் இத்தாலியப் பெயரும் ஒரு காரணம் என்று அவர் எண்ணினார். 1958 இல் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணி அழைத்தபோது அவர் மறுத்துவிட்டார். 1959 ஜனவரியில் பிளைக் ஓய்வுபெற்று வெஸ்ட் பாயின்ட் பதவி காலியானதும் அதில் அவருக்கு ஆர்வம் இருந்தது. அக்கல்லூரியோ தன் முன்னாள் மாணவர் ஒருவரையே விரும்பியது. இவ்வாறு ஒரு கதவு மூடிய வேளையில்தான் கிரீன் பே கதவு திறந்தது. ஜயன்ட்ஸ் ஒப்பந்தம் மீதமிருந்தபோதும் அணியின் வெலிங்டன் மாரா அவரை விடுவித்தார்.

நிபந்தனை

லொம்பார்டி பயிற்சியாளர் பதவியை மட்டும் ஏற்கவில்லை. பொது மேலாளர் பதவியும் சேர்த்துத் தமக்கே வேண்டும் என்றார். ஆட்டக்காரர்களைச் சேர்ப்பது, நீக்குவது, பரிமாறுவது, ஊதியம் பேசுவது, அலுவலகத்தை நடத்துவது அனைத்தும் ஒரே கையில் இருக்கவேண்டும். செயற்குழு ஆட்ட விவகாரங்களில் தலையிடக் கூடாது. லாம்போவின் அனுபவத்துக்குப் பின் எதைத் தரக்கூடாது என்று குழு முடிவு செய்திருந்ததோ அதையே ஒரு புதியவர் கேட்டார். இயக்குநர் குழு இசைந்தது. ஐந்தாண்டு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று.

குழு இசைந்ததற்கு 1958 பருவத்தின் தோல்விகளே காரணம் எனலாம். ஐந்து அல்லது ஆறு ஆட்டங்களை வென்றிருந்தால் அணி இன்னொரு மக்லீனை நியமித்துக் காலம் தள்ளியிருக்கக்கூடும். பயிற்சியாளர் ஒவ்வொருவரும் குழுவிடம் பெற்ற அதிகாரத்தின் அளவுக்கே அணியை மாற்ற முடிந்தது என்பதை முந்தைய ஒன்பது ஆண்டுகள் காட்டியிருந்தன.

விளைவு

பொறுப்பேற்ற லொம்பார்டி பல வாரங்கள் 1958 ஆட்டங்களின் படச்சுருள்களைப் பார்ப்பதில் செலவிட்டார். ஹார்னங்கைப் பந்தோடு ஓடும் ஹாஃப்பேக் இடத்தில் நிலைநிறுத்தினார். அணியின் சிறந்த பந்து பிடிப்பாளரான பில் ஹவ்டனைக் கிளீவ்லாந்துக்குக் கொடுத்து வேறு ஆட்டக்காரர்களைப் பெற்றார். பொது மேலாளர் பதவி கையில் இல்லாதிருந்தால் இது எளிதில் நடந்திராது. ஹென்றி ஜோர்டன், ஃபஸ்ஸி தர்ஸ்டன், எம்லன் டனல் ஆகியோர் அதே ஆண்டு பிற அணிகளிலிருந்து வந்து சேர்ந்தனர். நகர்வுகளின் எண்ணிக்கையைக் குறைத்து, எஞ்சியவற்றைத் துல்லியமாகச் செய்ய வைப்பதே அவருடைய முறை. தடுப்பாட்டக்காரர்கள் முன்னால் வழியமைக்க, பந்துடன் ஒருவர் பக்கவாட்டில் ஓடும் 'பேக்கர் ஸ்வீப்' என்ற ஒரு நகர்வையே மணிக்கணக்கில் பயிற்றுவித்தார். அந்நகர்வு வரும் என்று எதிரணிகள் அறிந்திருந்தும் தடுக்க இயலாது தவித்தன.

முதல் ஆட்டத்தில் 1959 செப்டம்பர் 27 அன்று சிகாகோ பேர்ஸை 9-6 என வென்றபோது ஆட்டக்காரர்கள் அவரைத் தோளில் தூக்கிச் சென்றனர். அப்பருவம் சீராகச் செல்லவில்லை. முதல் மூன்று ஆட்டங்களை வென்று, அடுத்த ஐந்தைத் தொடர்ந்து தோற்று, கடைசி நான்கையும் வென்று 7-5 என்று முடிந்தது. 1947 க்குப் பிறகு தோல்விகளைவிட வெற்றிகள் மிகுந்த முதல் பருவம் இதுவே. ஐந்து தொடர் தோல்விகளின்போது செயற்குழு வாய்திறக்கவில்லை என்பது ஒப்பந்தத்தின் உண்மையான சோதனை எனலாம். பருவத்தின் பிற்பகுதியில் ஸ்டார் முதன்மைக் குவாட்டர்பேக் ஆனார்.

1960 இல் இறுதியாட்டத்தை எட்டி ஃபிலடெல்ஃபியாவிடம் 17-13 என்று தோற்ற அணி, 1961 இல் லொம்பார்டியின் பழைய அணியான ஜயன்ட்ஸை 37-0 என்று வென்று வாகை சூடியது. 1962, 1965, 1966, 1967 ஆம் ஆண்டுகளிலும் பட்டம் கிட்டியது. முதல் இரண்டு சூப்பர் பௌல் ஆட்டங்களையும் பேக்கர்ஸே வென்றது. 1960 பருவம் முதல் கிரீன் பே அரங்கில் நடக்கும் பருவ ஆட்டங்களின் நுழைவுச்சீட்டுகள் அனைத்தும் விற்றுத் தீர்ந்து வருகின்றன. இந்த வெற்றிகளுள் எதையும் வைனிசி காணவில்லை. இளமை முதல் இதயநோய் கொண்டிருந்த அவர் 1960 நவம்பரில் தமது 33 ஆவது வயதில் காலமானார்.

பிற்காலத் தேர்வுகள்

லொம்பார்டி 1968 பிப்ரவரியில் பயிற்சியாளர் பதவியிலிருந்து விலகி, ஓராண்டு பொது மேலாளராக மட்டும் இருந்து, 1969 இல் வாஷிங்டன் அணிக்குச் சென்றார். 1970 செப்டம்பரில் புற்றுநோயால் இறந்தார். சூப்பர் பௌல் வெற்றிக் கோப்பைக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.

அடுத்த தேர்வுகளில் பேக்கர்ஸ் நிர்வாகம் 1959 இன் வடிவத்தைப் பின்பற்ற முயன்றது. அவருடைய துணைவர் ஃபில் பெங்ட்சன் 1968 முதல் மூன்று பருவங்களில் 20 வெற்றியும் 21 தோல்வியும் கண்டார். 1971 இல் மிசௌரி பல்கலைக்கழகத்திலிருந்து வந்த டேன் டிவைனுக்கு இரு பதவிகளும் சேர்த்தே தரப்பட்டன. 1974 இல் அவர் வயது முதிர்ந்த குவாட்டர்பேக் ஜான் ஹேடலைப் பெறுவதற்காக எதிர்காலத் தெரிவு வாய்ப்புகள் ஐந்தை லாஸ் ஏஞ்சலஸுக்குக் கொடுத்தார். தடுத்துக் கேட்க எவரும் இல்லாத அதிகாரத்தின் மறுபக்கம் இது. பின்னர் ஊர் நேசித்த பார்ட் ஸ்டாரே இரு பதவிகளிலும் அமர்த்தப்பட்டார். 1975 முதல் 1983 வரை ஒன்பது பருவங்களில் அவர் கண்டது 52 வெற்றி, 76 தோல்வி, 3 சமநிலை. அவரை அடுத்து வந்த ஃபாரஸ்ட் கிரெக்கும் லொம்பார்டியின் மாணவர்தான். அவரும் 1987 வரை நான்கு பருவங்களில் வெற்றிகளைவிடத் தோல்விகளையே மிகுதியாகக் கண்டார். லொம்பார்டியிடம் ஆடியவர்கள் என்பது தகுதியாகக் கொள்ளப்பட்டதே தவிர, 1959 இல் வைனிசி செய்தது போன்ற வெளித்தேடல் நடைபெறவில்லை.

1991 நவம்பரில் அணித்தலைவர் பாப் ஹார்லன், ரான் வூல்ஃபைப் பொது மேலாளராக நியமித்து, ஆட்ட விவகாரங்கள் அனைத்திலும் முழு அதிகாரம் அளித்தார். ஆனால் இம்முறை பயிற்சியாளர் பதவி தனியே வைக்கப்பட்டது. வூல்ஃப் 1992 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோ அணியின் துணைப் பயிற்சியாளரான மைக் ஹோம்கிரெனைத் தெரிவு செய்தார். ஹோம்கிரெனும் லொம்பார்டியைப் போலவே தொழில்முறை அணிக்குத் தலைமை தாங்கியிராதவர், முன்னாள் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர். 1997 ஜனவரி 26 அன்று பேக்கர்ஸ் 35-21 என்று நியூ இங்கிலாந்து அணியை வென்று, 29 ஆண்டுகளுக்குப் பின் சூப்பர் பௌலைக் கைப்பற்றியது. 2018 ஜனவரியில் இந்த ஏற்பாடும் மாற்றப்பட்டு, பொது மேலாளரும் தலைமைப் பயிற்சியாளரும் தனித்தனியே அணித்தலைவருக்குப் பொறுப்பாக்கப்பட்டனர். அந்த முறையின் கீழ் 2019 ஜனவரியில் டென்னசி அணியின் தாக்குதல் பயிற்சியாளராக இருந்த மாட் லஃப்ளர் தலைமைப் பயிற்சியாளராக நியமிக்கப்பட்டார்.